34 நோயாளிகள், 2 செவிலியர்: ‘எப்படியோ சமாளித்துவிட்டோம்’ என்று சொல்லிச் சொல்லியே இழந்தவை

வாசகர் கடிதம்:

“நான் 9 வருடமாகச் செவிலியர். பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். நைட் டியூட்டியில் 34 நோயாளிகளுக்கு நாங்கள் 2 பேர். இரவு 8 மணிக்கு ஏறினால் காலை 8 மணிக்குத்தான் இறங்குவோம். போன மாதம் காலை 5 மணிக்கு ஒருவருக்குப் போட வேண்டிய இன்சுலினை எடுத்துக்கொண்டு பக்கத்துப் படுக்கைக்குப் போய்விட்டேன். கைப்பட்டையைப் பார்த்த பிறகுதான் ஆள் வேறு என்று தெரிந்து நிறுத்தினேன். கூட இருந்த சிஸ்டர் அப்போது மூச்சுத் திணறலோடு வந்த புது அட்மிஷனுடன் இருந்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஊசியைத் தொட்டாலே கை நடுங்குகிறது. என் தோழி மருத்துவச்சி. பிரசவ அறையில் கைதேர்ந்தவள். அவளை ஆள் இல்லாத வார்டுக்கெல்லாம் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். வெறுத்துப்போய் ஒரு ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாள், என்னையும் கூப்பிடுகிறாள். எனக்குத்தான் திறமை போதவில்லையா? வேலையை விட்டுவிடலாமா, அவளோடு போய்விடலாமா?”

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

அந்த இன்சுலின் ஊசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

நீங்கள் அந்த ஊசியைப் போடவில்லை. 34 பேரைப் பார்த்துக் களைத்த நிலையிலும், போடுவதற்கு முன் கைப்பட்டையைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. திறமை போதாதவர் கைப்பட்டையைப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த நேரத்தில் வார்டு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், அடர் பொட்டாசியம் எல்லாம் கொஞ்சம் பிசகினாலும் ஆளையே கொண்டுபோகும் மருந்துகள். அதனால்தான் இவற்றைப் போடுமுன் இன்னொரு செவிலியர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று பல மருத்துவமனைகளில் விதி இருக்கிறது. உங்கள் வார்டில் அந்த இன்னொருவர் மூச்சுத் திணறும் நோயாளியை விட்டு எப்படி வருவார்? விதி சுவரில் ஒட்டியிருக்கும். அதை நிறைவேற்ற ஆள் இல்லை.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட் டியூட்டிக்கு வருபவர் மதியம் 12 மணிக்கு எழுந்திருந்தால், காலை 5 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு வண்டி ஓட்ட முடியாது. செவிலியர்களின் வேலை நேரத்தைப் பற்றி 2004இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் ஷிப்ட்களில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்றது. உங்கள் ஷிப்ட் 12 மணி நேரம். அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் முடிந்து நீங்கள் கிளம்பும்போது எத்தனை மணி ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் கை நடுங்குவதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடக்கவிருந்த ஆபத்தின் அளவு உங்களுக்குப் புரிந்திருக்கிறது. ஒரு மாதமாக அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்ததால் நடுக்கம் நிற்கவில்லை. சில வாரங்களில் இது குறையாவிட்டால், தூக்கம் கெட்டுக்கொண்டே போனால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நோயாளிகளுக்கு இதைத்தானே சொல்வோம்.

அப்புறம், அந்தச் சம்பவத்தை இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். தவறு நேராமல் தப்பிய சம்பவங்களையும் பதிவு செய்யும் படிவம் இருந்தால் நிரப்புங்கள். “நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன், மன்னிக்கவும்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: மணி என்ன, வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், சரிபார்க்க வேண்டியவர் எங்கே இருந்தார், எந்தக் கட்டத்தில் நிறுத்தினீர்கள். மன்னிப்பு மட்டும் இருக்கும் தாளைப் பார்த்தால் நிர்வாகம் உங்களைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பும், அடுத்த இரவும் அங்கே 2 பேர்தான் இருப்பார்கள்.

நான் 30 வருடம் செவிலியராக இருந்தவள். கடைசி 11 வருடம் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். யாருக்கு எப்போது டியூட்டி என்ற ரோஸ்டரைப் போட்ட கை இது. அதனால் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சமயம் ஒரே வார்டில் 2 பேர் பிரசவ விடுப்பில் போனார்கள், ஒருவர் ராஜினாமா செய்தார். மாற்று ஆள் கேட்டேன், “பார்க்கலாம்” என்றார்கள். நான் ரோஸ்டரை இழுத்துப் பிடித்தேன். ஆஃபில் இருந்தவர்களைப் போன் போட்டு வரவழைத்தேன், டபுள் டியூட்டி போட்டேன், பக்கத்து வார்டிலிருந்து ஆள் வாங்கினேன். செவிலியப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் செய்தார்கள். எட்டு மாதம் அப்படியே ஓடியது. எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. ஆண்டுக் கணக்கு பார்க்கும் கூட்டத்தில் நிர்வாக அலுவலர் கேட்டார்: “மூன்று பேர் இல்லாமலேயே எட்டு மாதம் வார்டு நன்றாகத்தானே நடந்திருக்கிறது? புகார் எதுவும் இல்லையே?” அந்த மூன்று பணியிடங்களும் போயின.

நன்றாக நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. ஒவ்வொரு காலையும் “எப்படியோ சமாளித்துவிட்டோம்” என்று சொல்லி, இல்லாத ஆளை இருப்பதுபோலக் காட்டியவள் நான்தான். அன்றைக்குப் பிறகு நான் சேர்ந்த எந்த வார்டிலும் அந்த வார்த்தையைச் சொல்ல விட்டதில்லை.

வார்டில் ஆள் குறைந்தால் எது முதலில் நிற்கும்? மருந்து நிற்காது, ஊசியும் ட்ரிப்பும் நிற்காது. அவற்றுக்குச் சார்ட் உண்டு, டாக்டர் ரவுண்ட்ஸில் கேட்பார். நிற்பது வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டியவர் அதே பக்கம் கிடப்பார். வாய் சுத்தம் செய்ய மாட்டோம். ஆபரேஷன் ஆனவரைக் கைப்பிடித்து நடக்க வைக்க மாட்டோம். வீட்டுக்குப் போகிறவருக்கு மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று உட்கார்ந்து சொல்ல மாட்டோம். பயந்து அழுகிறவர் பக்கத்தில் நிற்க மாட்டோம். இதற்கு ‘விடுபட்ட பராமரிப்பு’ என்று பெயர். பியட்ரிஸ் காலிஷ் என்ற அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் 2006இல் இதை முறையாக ஆராய்ந்து எழுதிய பிறகு உலகம் முழுவதும் இதை அளக்கிறார்கள். திருப்பாமல் விட்ட முதுகு ஒரு வாரத்தில் புண்ணாகும். நடக்க வைக்காத கால் இரத்தம் கட்டும். அப்போது அதை நோயின் சிக்கல் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். அன்றிரவு 2 பேர்தான் இருந்தார்கள் என்பது அதில் வராது.

அதனால் நீங்களும் உங்கள் வார்டு சிஸ்டர்களும் இன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் நாலு வரி எழுதுங்கள். இப்படி: “இரவு 8 முதல் காலை 8.40 வரை. நோயாளிகள் 34, செவிலியர் 2. ஆக்சிஜனில் 5 பேர், புது அட்மிஷன் 3. திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய 6 பேரில் 4 பேரை உரிய நேரத்தில் திருப்ப முடியவில்லை. 2 மணி பி.பி. 11 பேருக்குத் தாமதமாகப் பார்க்கப்பட்டது. இன்சுலின் இருவர் சரிபார்ப்பு நடக்கவில்லை. இரவு 11 மணிக்கு மேற்பார்வையாளரிடம் ஆள் கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை.” அவ்வளவுதான். கோபம் வேண்டாம், பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது வேண்டாம். நோயாளியின் பெயரோ எண்ணோ எழுதக் கூடாது. கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்கவே கூடாது, அதில் நாம்தான் மாட்டுவோம்.

ஒரு மாதம் எழுதினால் 60 ஷிப்ட் கணக்கு கையில் இருக்கும். அதை இன்சார்ஜ் சிஸ்டர் வழியாக, எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போகிறவரை ‘பிரச்சினைக்காரர்’ ஆக்கிவிடுவது எளிது, பத்துப் பேர் கையெழுத்தை அப்படித் தள்ள முடியாது. சங்கம் இருந்தால் அவர்களிடமும் ஒரு நகல் போகட்டும். மன அழுத்தம் என்று சொன்னதும் நிர்வாகம் தியான வகுப்பு ஏற்பாடு செய்யும். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பு முடிந்து திரும்பினால் அதே 34 பேர் காத்திருப்பார்கள் என்பதையும் அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்பது அதிகப்படியோ என்ற கூச்சம் வேண்டாம். 2014இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 9 ஐரோப்பிய நாடுகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பார்த்தது. ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. இதைப் படித்த நாளில் ரோஸ்டர் தாளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. காலிக் கட்டம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீட்டைத் தொடுகிறது.

இத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று சட்டமே போட்ட இடங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 1999இல் சட்டம் வந்து 2004இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஐ.சி.யூ.வில் 2 நோயாளிக்கு ஒருவர், பொது வார்டில் 5 பேருக்கு ஒருவர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2016இல் குறிப்பிட்ட வார்டுகளுக்குப் பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று கொண்டுவந்தார்கள். ‘அவ்வளவு சம்பளம் யார் கொடுப்பது’ என்பதுதான் எல்லா ஊரிலும் எழும் கேள்வி. குயின்ஸ்லாந்தில் 27 மருத்துவமனைகளைப் பார்த்து 2021இல் வெளியிட்ட கணக்கில், இறப்பும் குறைந்தது, மறுபடி வந்து சேர்வதும் குறைந்தது. கூடுதல் ஆட்களுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மிச்சமானது. உங்கள் கூட்டத்தில் பணம் என்ற பேச்சு வரும்போது இதைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் கேட்கவே நமக்கு உரிமை இருக்கிறதா என்று இளைய செவிலியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இலேயே செவிலியர்களுக்காகத் தனி உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. வேலை நேரம், கூடுதல் நேரம், வார ஓய்வு, பிரசவ விடுப்பு எல்லாம் மற்றத் தொழிலாளர்களுக்கு இருப்பதற்குக் குறையக் கூடாது, செவிலியப் பணியைத் திட்டமிடும் இடத்தில் செவிலியரும் உட்கார வேண்டும் என்கிறது. கூடவே வந்த பரிந்துரை, ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில் தொடர்ச்சியாக 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. எல்லா நாடும் இதை ஏற்கவில்லை. ஏற்ற இடத்திலும் தானாக நடந்துவிடாது. ஆனால் நீங்கள் கேட்பது புதிதாக முளைத்த ஆசை இல்லை என்பதற்கு இது போதும்.

சரி, உங்கள் தோழியின் விஷயத்துக்கு வருவோம். மருத்துவச்சி என்ற பழைய சொல்லையே நீங்கள் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. படித்து உரிமம் பெற்றவர்களுக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

பிரசவ அறையில் பழகிய ஒருவரை வேறு வார்டுக்கு அனுப்பி எண்ணிக்கையை நிரப்புவது, ரோஸ்டர் போடுபவர்கள் செய்யும் பெரிய பிழை. வலி நன்றாக எடுத்த பிறகு குழந்தையின் இதயத் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும், தாய் முக்கத் தொடங்கிவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரே மருத்துவச்சியிடம் வலியோடு நான்கு தாய்மார் இருந்தால் இந்தக் கணக்கு எப்படி நடக்கும்? பிறந்த பிறகும் அவர் கண்ணை எடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்குப்படி, ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 கோடிப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் அளவுக்கு மீறி இரத்தம் போனது, சுமார் 70,000 பேர் இறந்தார்கள். கர்ப்பப்பை கல்லுபோல இறுகியிருக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்று வயிற்றில் கை வைத்ததும் தெரிந்துகொள்ளும் விரல்கள் நிறையப் பிரசவம் பார்த்துத்தான் வரும். அந்த விரல்களை எலும்பு வார்டில் பி.பி. பார்க்க வைத்திருக்கிறோம்.

உலகம் முழுவதும் 9 லட்சம் மருத்துவச்சிகள் குறைவு என்று 2021இன் உலக மருத்துவச்சியர் நிலை அறிக்கை சொன்னது. நன்கு பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் பராமரிப்பு எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தால், தாய், சிசு மரணங்களிலும் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறப்பதிலும் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் பல நாடுகளின் சட்டத்தில் மருத்துவச்சிக்குத் தனி இடமே இல்லை. செவிலியரில் ஒரு வகையாகவோ டாக்டரின் உதவியாளராகவோ வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1990இல் சட்டத்தைத் திருத்தி, இயல்பான கர்ப்பத்தையும் பிரசவத்தையும் மருத்துவச்சியே தன் பொறுப்பில் பார்க்கலாம் என்றாக்கினார்கள். உங்கள் தோழி வெறுத்துப்போனதற்குச் சம்பளம் மட்டும் காரணமாக இருக்காது. கற்ற வேலையைச் செய்ய விடாததும் ஒரு வலி.

அவர் போகலாமா? போகலாம். எந்த மனுஷிக்கும் நல்ல வேலையைத் தேடிப் போகும் உரிமை உண்டு. நாட்டை விட்டு ஓடுகிறார்கள் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. 2023 கணக்குப்படி உலகில் 2.98 கோடிச் செவிலியர்கள் இருந்தும் 58 லட்சம் பேர் குறைவு. உலக மக்களில் பாதிப் பேர் வாழும் நாடுகளில்தான் செவிலியரில் 78 சதவீதம் பேர் இருக்கிறார்கள், மீதிப் பாதி மக்களுக்கு மீதி 22 சதவீதம். ஏழு செவிலியரில் ஒருவர் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கிறார். இதில் எனக்கு மிகவும் கசப்பானது ஒன்று உண்டு. ஆள் இல்லை என்று சொல்லும் பல நாடுகளிலேயே படித்து முடித்த பிள்ளைகள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரி திறந்தார்கள், பணியிடத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. ஒதுக்கியதையும் ஒப்பந்த வேலையாக்கினார்கள். அந்தப் பிள்ளை விமானம் ஏறினால் குற்றம் யாருடையது?

உலக சுகாதார நிறுவனம் 2010இல் கொண்டுவந்த ஆள்சேர்ப்பு நடத்தை விதிகள், கடும் பற்றாக்குறை உள்ள நாடுகளுக்குள் போய் ஆள் திரட்டாதீர்கள் என்று பணக்கார நாடுகளைக் கேட்கின்றன. 2023இல் அப்படிப்பட்ட 55 நாடுகளின் பட்டியலையும் வெளியிட்டார்கள். அந்த விதிகள் தனி ஆள் போவதைத் தடுக்கவில்லை. போகிறவருக்கு அங்கே படித்தவர்களுக்குச் சமமான உரிமைகள் வேண்டும் என்கின்றன. தாமாக ஏற்கும் விதிகள்தான், மீறினால் தண்டனை கிடையாது. எனவே தோழி தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

ஏஜென்சி பணம் கேட்டால் முதல் சந்தேகம் அங்கேயே வர வேண்டும். ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது பன்னாட்டு நெறி, செலவு வேலை கொடுப்பவருடையது. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் கட்டாயம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைத் தேடச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்குப் பயந்தே மோசமான இடங்களில் சிக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பல நாடுகளில் செவிலியருக்கும் மருத்துவச்சிக்கும் பதிவு தனித்தனி. அவரை எதில் பதிவு செய்யப்போகிறார்கள்? பதிவு கிடைக்கும்வரை உதவியாளர் வேலையும் உதவியாளர் சம்பளமுமா? இங்கே பிரசவ அறையை விட்டு விரட்டினார்கள் என்று அங்கே போய், மறுபடி பிரசவ அறைக்கு வெளியே நிற்கக் கூடாது அல்லவா. பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: இப்போது முடிவெடுக்காதீர்கள். தொடர்ந்து நைட் பார்த்துக்கொண்டு எடுக்கும் முடிவு, காலை 5 மணிக்குக் கையில் எடுத்த ஊசி மாதிரி. விடுப்பு எழுதிக் கொடுங்கள், பத்து நாளாவது இரவில் தூங்குங்கள். திரும்பி வந்து ஒரு மாதம் அந்த நாலு வரியை எழுதுங்கள், கூட்டாகக் கொடுங்கள். நிர்வாகம் உட்கார்ந்து பேசினால், ஓர் ஆள் கூடினால்கூட, இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தாளை வாங்கிப் போட்டுவிட்டு உங்களையே மிரட்டினால் கிளம்புங்கள், குற்ற உணர்வு இல்லாமல் கிளம்புங்கள். அது வேறு மருத்துவமனையாகவும் இருக்கலாம், வேறு நாடாகவும் இருக்கலாம். படிப்பும் 9 வருட அனுபவமும் உங்களோடு வரும்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசும்போது கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அன்றைக்கு மூச்சுத் திணறிய நோயாளியோடு இருந்தாரே, அந்தச் சிஸ்டரையே கூப்பிடுங்கள். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். தோழியிடம் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே. படித்துவிட்டு வரிக்கு வரி எழுதுகிறேன்.